கிளிப்பக்காவின் கடைசிப் பக்கம்

சனிக்கிழமை மூன்று மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். நீலக் கோட்டின் காலரில் கவ்வியிருக்கும் மரக் கிளிப்பை அவள் எடுக்கிறாள். துணி காயப்போடுகிற சாதாரணக் கிளிப்தான். எந்தக் காலத்திலோ மஞ்சள் பெயிண்ட் அடித்தது. விரல் படும் இடத்தில் இப்போது வெறும் மரம். கையிலிருக்கும் படப் புத்தகத்தைப் பின்பக்கமாகப் புரட்டி, கடைசித் தாளையும் பின்னட்டையையும் சேர்த்துப் பிடித்து ஒரே கவ்வு. 'டக்' என்று சத்தம். தரை விரிப்பில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இருபது வாண்டுகளும் அந்தச் சத்தத்துக்கு வாயை மூடும்.

“கடைசிப் பக்கத்துக்குப் பூட்டு போட்டாச்சு. இப்ப கதைக்கு வரலாமா?”

“வரலாம் கிளிப்பக்கா!”

இந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. வயது ஐம்பத்திரண்டு ஆகிறது. இந்த வாண்டுகளில் சிலருடைய அம்மாக்களே இதே விரிப்பில் உட்கார்ந்து அவளிடம் கதை கேட்டவர்கள். அவர்களுக்கும் அக்கா, அவர்கள் பெற்றதுகளுக்கும் அக்கா. யாராவது 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டால் காது கேட்காதவள் மாதிரி நின்றுகொண்டிருப்பாள்.

உண்மையில் கதை படிப்பது அவள் வேலையே இல்லை. நூலகத்தில் கிழிந்ததை ஒட்டுவதுதான் அவள் வேலை. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. நிமிர்ந்து நின்றால் தலையில் இடிக்கும். ஒரு கிண்ணம் பசை, துணி நாடா, தடித்த ஊசி, மடிப்பை நீவிவிட ஒரு மரச் சில்லு. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் கதை படிக்கிற பெண் பிரசவத்துக்குப் போனபோது, “ஒரு வாரம் பாத்துக்கம்மா” என்று அன்றைய நூலகர் சொன்னார். போனவள் திரும்பி வரவில்லை. அந்த ஒரு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை. இந்தச் சனிக்கிழமை ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஐந்து நாளும் பசையில் கை ஊறுகிறது என்று அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

படப் புத்தக மிருகங்களைப் பற்றி அவளுக்கு ஏகப்பட்ட அபிப்பிராயங்கள். நரிக்குக் கால்சட்டை மாட்டிவிட்டால் பொறுக்காது. “அப்ப வாலை எங்க வச்சுக்கும், சொல்லுங்க?” ஓநாய்க்குப் புருவம் வரைந்திருந்தால் இன்னும் மோசம். “புருவத்த நெரிச்சு வரைஞ்சுட்டா கெட்டது ஆயிடுமா? பசிச்சா நானுந்தான் நெரிக்கறேன்.” கழுதையை முட்டாள் என்று எழுதியவர்களை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. மனுஷனைப் பற்றி எந்தக் கழுதையாவது அப்படி எழுதியிருக்கிறதா என்று கேட்பாள். ஆந்தைக்கு மூக்குக் கண்ணாடி போட்டு வாத்தியாராக்கி வைத்திருக்கும் புத்தகங்களை ஒட்டும்போது மட்டும் அவள் பசையைக் கொஞ்சம் தாராளமாகவே தடவுவாள்.

ஆனால் இதெல்லாம் சில்லறைக் கோபம். உண்மையான கோபம் கடைசிப் பக்கத்தின் மேல்தான். சிவப்புக் கட்டம் கட்டி, 'நீதி' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஒரு வரி இருக்குமே, அதன் மேல். “கதை பூரா ஒழுங்கா நடந்து வந்துட்டு, கடைசியில நம்ம பக்கம் திரும்பி வெரல நீட்டுவாங்க பாருங்க. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும்.” ஒட்ட வந்த பழைய புத்தகங்களை எடுத்துக் காட்டுவாள். முதலையின் வயிறு தடவித் தடவி வெளுத்திருக்கும். ஓநாய் வரும் பக்கம் பயத்தில் கசங்கியிருக்கும். யானைக் குளியல் பக்கத்தில் பால் கறை. நீதி இருக்கும் பக்கம் மட்டும் நேற்று கடையிலிருந்து வந்த மாதிரி மொடமொடவென்று இருக்கும். “பிள்ளைங்களுக்கு வெளங்கிடுச்சு. பெரியவங்களுக்குத்தான் இன்னும் வெளங்கல.”

அதனால் அவள் ஒரு முறை வைத்திருக்கிறாள். புதுப் புத்தகம் என்றால் கிளிப். புத்தகம் கிழிந்து மாடிப்படி அறைக்கு வந்துவிட்டால் கிளிப்புக்கு வேலையில்லை. கடைசித் தாளைப் பசை தடவிப் பின்னட்டையோடு சேர்த்து ஒட்டிவிடுவாள். யாராவது கேட்டால் பதில் தயார்: “அட்டைக்குப் பலம் வேணும்ல?” இருபத்தாறு வருஷத்தில் அந்தக் குழந்தைகள் பகுதியில் அட்டை பலமில்லாத புத்தகம் என்று ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அதைப் பிறகு பார்ப்போம்.

நீதிக்குப் பதிலாக அவள் ஒரு கேள்வி கேட்பாள். ஒரே கேள்வி. கொட்டை சேர்த்து வைத்த அணில் கதை என்றால், “அணில் ஏன் யாருக்குமே குடுக்கல?”

“போன வருஷம் குடுத்துச்சு. யாரும் திருப்பித் தரல.”

“அதுக்கு எண்ணத் தெரியாது. நெறைய இருக்குன்னு அதுக்கே தெரியாது.”

“அவங்கப்பா அடிப்பாரு.”

எது சொன்னாலும் அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, “அப்படியும் இருக்கலாம்” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சரி, தப்பு என்று தலைகீழாக நின்றாலும் அவளிடமிருந்து வாங்க முடியாது.

வம்பு வந்தது ஓர் ஓட்டைப்பல்காரியால். ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை, சனிக்கிழமை தவறாமல் முதல் வரிசை. அவளுடைய பள்ளிக்கூடத்தில் புதிதாகப் படப் புத்தக அலமாரி வைத்தார்கள். ஓட்டைப்பல் ஆசையாக ஒரு காக்காய்ப் புத்தகத்தை எடுத்துக் கடைசி வரை புரட்டியது. கடைசிப் பக்கத்தில் சிவப்பாக ஏதோ எழுதியிருந்தது. அடுத்த புத்தகத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். அதற்குத் திக்கென்று ஆகிவிட்டது. யாரோ ஒரு பொல்லாத பையன் எல்லாப் புத்தகத்திலும் எழுதிக் கெடுத்து வைத்திருக்கிறான்! கைவேலை வகுப்புப் பசை டப்பாவை எடுத்து, கிளிப்பக்கா செய்வதைப் பார்த்திருந்தபடியே, பதினோரு புத்தகங்களின் கடைசித் தாளை அட்டையோடு ஒட்டி, கையால் நீவிவிட்டு, டீச்சரிடம் போய் நின்றது.

“டீச்சர், யாரோ புஸ்தகத்துல எல்லாம் நம்மளத் திட்டி எழுதி வச்சிருக்காங்க. நான் சரி பண்ணிட்டேன்.”

பாராட்டு கிடைக்கும் என்று நினைத்திருக்கும், பாவம். கிடைத்தது வேறு. இதை யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டதற்கு, நூலகத்துக் கிளிப்பக்காவிடம் என்றது. டீச்சர் தலைமையாசிரியரிடம் சொல்ல, அவர் நூலகத்துக்குக் கடிதம் எழுத, கடிதம் புதிய நூலகரின் மேஜைக்கு வந்தது.

புதிய நூலகர் வந்து நான்கு மாதம் ஆகிறது. நாற்பது வயதுக்காரர், மரியாதையானவர், குரலை உயர்த்தத் தெரியாதவர். கடிதத்தைப் படித்துவிட்டுத் தானே கீழே இறங்கி வந்து, குழந்தைகள் பகுதியில் மண்டிபோட்டு, ஒவ்வொரு புத்தகத்தையும் பின்பக்கமாகத் திறந்து பார்த்தார். ஒரு முழு மத்தியானம் ஆனது. பிறகு அவளைக் கூப்பிட்டார்.

“முன்னூத்திப் பன்னெண்டு புத்தகம்மா. எல்லாத்துலயும் கடைசித் தாள் ஒட்டியிருக்கு.”

“அட்டைக்குப் பலம் வேணும் சார்.”

“பலத்துக்கு வெள்ளத் தாள் ஒட்டக் கூடாதா?”

“ஒட்டலாம். வெள்ளத் தாள வீணாக்குவானேன்?”

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “இங்க பாருங்க. பிள்ளைங்க நல்லது கெட்டது தெரிஞ்சுக்கணும்னுதான் பெத்தவங்க இங்க அனுப்பறாங்க. நீங்க கதைய மட்டும் குடுத்துட்டு நல்லத ஒட்டி வச்சிருக்கீங்க. வர்ற சனிக்கிழமை நானும் வந்து உக்கார்றேன். கிளிப் கூடாது. அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும் படிங்க. அப்புறம் இந்த முன்னூத்திப் பன்னெண்டையும் ஆவி காட்டிப் பிரிச்சிருங்க. செஞ்சா சனிக்கிழமை உங்களோடதுதான். இல்லன்னா நான் வேற ஆளப் போட வேண்டியிருக்கும். உங்களுக்குக் கீழ்த்தளத்துல பழைய பேப்பர் அறை இருக்கு.”

பழைய பேப்பர் அறைக்குக் குழந்தைகள் வருவதில்லை. பெரியவர்களே வருவதில்லை. அவள் படியிறங்கி வந்தாள். அன்று பசைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவதற்குப் பதிலாக டீயை ஊற்றிவிட்டாள்.

சாயங்காலம் தம்பியின் சலவைக் கடையில் அதைச் சொன்னாள். தம்பிக்கு நாற்பத்தொன்பது வயது. உயரம் அவள் தோள் வரைக்கும்தான். வாடிக்கையாளர்களைப் பார்க்க வசதியாக, கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை போட்டு அதன் மேல் நிற்பான். அவள் காலரில் இருக்கும் கிளிப் இந்தக் கடையின் கொடியிலிருந்து எடுத்ததுதான்.

“சரின்னு சொல்லிட்டு வாக்கா. இந்தக் கோவமெல்லாம் அந்தப் பழைய கரடிக் கதைக்காகத்தானே? கரடி என்ன, கோர்ட்டுக்கா போகப்போவுது?”

“நீ சும்மா இரு.”

“நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? நான்தானே அந்தக் கரடி? எனக்கே கோவம் இல்ல. உனக்கு என்ன வந்துச்சு?”

“உனக்குக் கோவம் இல்லங்கறதுதான்டா எனக்குக் கோவம்!”

அவன் சிரித்துக்கொண்டே ஒரு சட்டைக் கையை நீட்டிப்போட்டு இஸ்திரியை ஓட்டினான். அவளுக்கு அந்தச் சிரிப்பையும் பிடிக்கவில்லை.

இனி அந்த ஒரே ஒரு புத்தகத்துக்கு வரலாம். 'தூங்கிய கரடி' என்று பெயர். மழைக்கு முன்னால் காட்டில் எல்லா மிருகங்களும் தேன் சேர்க்கின்றன. ஒரு குட்டிக் கரடி மட்டும் மரத்தடியில் தூங்குகிறது. விருந்து நாளில் கரடியை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிறார்கள். 'நீதி: தூங்கிக் கிடப்பவருக்குத் தேனில் பங்கில்லை.' அட்டையின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: ஒப்பித்தல் போட்டி, முதல் பரிசு. பரிசு வாங்கியது அவள்தான். பதினோரு வயதில், பள்ளிக்கூட மேடையில். தம்பி அப்போது இரண்டாம் வகுப்பு. வகுப்பில் தூங்குவான், விளையாட்டு மைதானத்தில் தூங்குவான், சாப்பிடும்போது கையில் கவளத்தோடு தூங்குவான். நீதியைச் சொல்லும் இடம் வந்தபோது இவள் கையை நீட்டி, கீழே மூன்றாவது வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியைக் காட்டினாள். பள்ளிக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது. அன்றிலிருந்து அவன் பெயர் கரடி. வாத்தியார்கள் அதைச் சொல்லிச் சொல்லியே அடித்தார்கள்.

அவனுக்குப் பதினான்கு வயதானபோது ஒரு டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுரப்பி ஒன்று வேலை செய்யவில்லை என்றார். தினம் காலையில் ஒரு சின்ன மாத்திரை. ஒரு மாதத்தில் அவன் விழித்துக்கொண்டான். வளர வேண்டிய வயதில் வளராமல் போனது மட்டும் போனதுதான். அவள் அந்தப் பரிசுப் புத்தகத்தைக் கிழித்துப் போடவில்லை. நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே கொண்டுவந்து குழந்தைகள் அலமாரியில் வைத்தாள். எல்லாப் புத்தகத்தையும் ஒட்டியவள் இதை மட்டும் ஒட்டவில்லை. “அத ஒட்டிட்டா நான் தப்பிச்ச மாதிரி ஆயிடும்.” அந்தப் பக்கத்துக்கு ஒவ்வொரு தடவையும் அவள் கையாலேயே கிளிப் போட வேண்டும். அதுதான் அவள் தனக்குத் தானே வைத்துக்கொண்ட கணக்கு.

சனிக்கிழமை வந்தது. நூலகர் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அலமாரியில் தேடினார், எதை எடுத்தாலும் கடைசித் தாள் ஒட்டியிருந்தது. ஒன்றே ஒன்று ஒட்டாமல் இருந்தது.

“இத படிங்கம்மா. இதுல கடைசிப் பக்கம் இருக்கு.”

அவள் அட்டையைப் பார்த்தாள். வேறெந்தப் புத்தகமாக இருந்தாலும் ஒருவேளை மென்று விழுங்கிப் படித்திருப்பாள். அவர் கையை நீட்டினார். அவள் காலரிலிருந்து கிளிப்பை எடுத்துக் கொடுத்தாள். அதை அவர் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சத்தம் வராததால் வாண்டுகள் வாயை மூடவில்லை. இரண்டு தடவை அதட்ட வேண்டியிருந்தது. அதற்குள் கடையைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்த தம்பி, ஒரு குழந்தை நாற்காலியை இழுத்துப் போட்டுச் சுவரோரம் உட்கார்ந்தான். அக்கா ஏதாவது சண்டை இழுத்துவிடுவாளோ என்ற பயம் அவனுக்கு.

படித்தாள். தேன் கூட்டைக் குரங்கு எட்டிப் பிடித்தபோது கைதட்டினார்கள். கரடி குறட்டை விட்டபோது எல்லாரும் குறட்டை விட்டார்கள், தம்பி உட்பட. கதவு சாத்தும் பக்கம் வந்தது. வழக்கமாக அங்கேதான் அவள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேள்வி கேட்பாள். நூலகர் தொண்டையைச் செருமினார்.

அவள் எழுந்து நின்றாள். பக்கத்தைப் புரட்டினாள். பதினோரு வயதில் மேடையில் நின்ற மாதிரியே நேராக நின்று, கணீரென்று, ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள். “நீதி! தூங்கிக் கிடப்பவருக்குத் தேனில் பங்கில்லை!” கையை நீட்டினாள். விரல் சுவரோரம் உட்கார்ந்திருந்தவனைக் காட்டியது.

இருபது தலைகளும் திரும்பின. நூலகரின் தலையும் திரும்பியது.

“இதத்தான் நான் உங்கள விடக் கொஞ்சம் பெரியவளா இருந்தப்ப மேடையில சொன்னேன். இப்படியே கைய நீட்டினேன். அதோ, அவன்தான் கரடி. என் கூடப் பொறந்தவன். எனக்கு மொதப் பரிசு குடுத்தாங்க.” அவள் கையை இறக்கவில்லை. “சார் கேட்டாரு, கடைசிப் பக்கத்தப் படிச்சுட்டேன். பாத்துக்கங்க. இதுதான் கடைசிப் பக்கம்.”

தம்பி சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. ஓட்டைப்பல் மட்டும் விரிப்பிலிருந்து எழுந்து அவனிடம் போனது. உட்கார்ந்திருந்தவனும் நின்றவளும் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

“நீங்க ஏன் தூங்குனீங்க?”

அவன் அக்காவைப் பார்த்தான். அம்மா கேட்டதில்லை, வாத்தியார் கேட்டதில்லை. டாக்டர்கூடக் கழுத்தைத்தான் பார்த்தார். அவளும் இந்தக் கேள்வியை ஆயிரம் பிள்ளைகளிடம் கரடியை வைத்துக் கேட்டிருக்கிறாளே தவிர அவனிடம் கேட்டதில்லை.

“ஒடம்பு சரியில்ல பாப்பா,” என்றான். “யாருக்கும் தெரியல. எனக்கே தெரியாது. கைகால் எல்லாம் ஈரத் துணி மாதிரி கனக்கும். ரொம்பக் குளுரும். எழுந்திரிக்கணும்னுதான் நெனப்பேன்.”

ஓட்டைப்பல் யோசித்தது. பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்து, “அப்படியும் இருக்கலாம்” என்றது.

நூலகர் நாற்காலியை விட்டு எழுந்து, தன்னுடைய அறைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். படியேறும்போது அவர் நடை கொஞ்சம் மெதுவாக இருந்தது. ஆனால் மேஜையில் அவர் முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்த தாள்கள் அப்படியே இருந்தன.

“கஷ்டமாத்தான்மா இருந்துச்சு,” என்றார் மெதுவாக. “ஆனா நான் பள்ளிக்கூடத்துக்குப் பதில் எழுதணும். ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க.”

இரண்டு தாள். முதல் தாளில் அவள் செய்ததெல்லாம் இருந்தது: முன்னூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள், இருபத்தாறு வருஷம், பசை, கிளிப். நிதானமாகப் படித்தாள். ஓர் இடத்தில் எண்ணைத் திருத்தினாள். முன்னூற்றுப் பதினாறு, நான்கு புத்தகங்கள் அவள் அறையில் காய்ந்துகொண்டிருந்தன. அடியில், 'எல்லாம் உண்மை, நான்தான் செய்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது தாளைத் திருப்பினாள். 'மேற்கண்ட செயல் தவறென்று உணர்ந்து, இனிமேல்' என்று அது ஆரம்பித்தது.

“என் கிளிப்பக் குடுங்க சார்.”

“இப்ப எதுக்கு?”

“தம்பி கடையோடது.”

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் இரண்டாவது தாளைக் கையெழுத்துப் போடாமலே முதல் தாளுக்குப் பின்னால் மடித்து, ஓரம் சரிபார்த்து, விரலால் ஒரு தடவை நீவிவிட்டாள். 'டக்'. கையெழுத்துப் போட்ட பக்கம் மேலே தெரியும்படி அதை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கிளிப்பையும் அங்கேயே விட்டுவிட்டு, மணி நாலாக இன்னும் பத்து நிமிடம் இருந்ததால் கீழே கதைக்குப் போனாள்.